நாக்கு திரும்பிய திசை

அவளுடைய வீடு குழிக்குள் கிடந்தது.

இரட்டைக் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுத்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தாள். அப்படியேதான் கிடந்தது. கடற்கரைத் தெருவின் மற்ற வீடுகள் ஒழுங்கு மரியாதையாக எழுந்து நின்றன. தண்ணீர்த் தொட்டிகளும் கைப்பிடிச் சுவர்களும் மர உச்சிகளும் விரல் நீட்டினால் தட்டுப்படும் போலப் புடைத்துத் தெரிந்தன. தெருக்கோடியில் இருந்த அவளுடைய வீடு மட்டும், மொட்டைமாடியும் மாடியில் வரைந்த பெரிய வெள்ளைக் கூட்டல் குறியுமாக, கிணற்றில் தவறவிட்ட பாத்திரம் மாதிரி எங்கோ அடியாழத்தில் தெரிந்தது.

உடனே பயந்துவிடவில்லை. கண்ணை ஏமாற்றித்தான் இந்த வேலையே நடக்கிறது. விமானத்தின் வயிற்றில் பொருத்திய கேமரா கரையை மேலிருந்து வரிசையாகப் படமெடுத்துக்கொண்டே போகும். அடுத்தடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்து இரட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், தட்டையான காகிதம் மேடு பள்ளத்தோடு எழுந்து உட்கார்ந்துகொள்ளும். கடல் எங்கே கரையைத் தின்றிருக்கிறது, எங்கே மணலைத் துப்பியிருக்கிறது என்று அதைப் பார்த்துத்தான் அவள் வரைபடத்தில் கோடு இழுப்பாள். இரண்டு படங்களையும் இடம் மாற்றி வைத்துவிட்டால் போச்சு, குன்று குழியாகும், குளம் மேடாகும். கலங்கரை விளக்கத்தைக் கிணறு என்று குறித்து மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத புதுசு அந்த அலுவலகத்தில் ஒருவரும் கிடையாது. ஆனால் படங்கள் இடம் மாறியிருந்தால் தெருவே அல்லவா குழிக்குள் போயிருக்க வேண்டும்? மூலையில் இருந்த எண்களைச் சரிபார்த்தாள். சரியாகத்தான் வைத்திருந்தாள்.

இன்னொரு காரணமும் உண்டு. முதல் படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே சில விநாடிகள் போகும். அதற்குள் ஏதாவது நகர்ந்துவிட்டால், அது கண்ணாடியில் அந்தரத்தில் மிதக்கும், இல்லையென்றால் பூமிக்குள் புதைந்து தெரியும். கடற்கரைச் சாலையில் போன பேருந்து ஒன்று இப்படி மரங்களுக்கு மேலே பறந்த படத்தை அலுவலகச் சுவரில் ஒட்டி, கீழே 'ஆகாய பஸ், டிக்கெட் கேட்டு வாங்கவும்' என்று யாரோ எழுதியே வைத்திருந்தார்கள்.

வீடு என்ன பேருந்தா, என்று அவள் தன்னைத்தானே கேட்டுக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அடுத்த ஜோடிப் படங்களை எடுத்து வைத்தாள். அதிலும் வீடு குழிக்குள்தான் இருந்தது. முன்னதைவிட ஆழமாக இருந்தது.

அன்று கடல் வெகுதூரம் உள்வாங்கும் நாள். அலுவலகத்தில் இருந்தவர்கள் எல்லாரும் தூரத்துக் கரைக்கு அளவெடுக்கப் போயிருந்தார்கள். நீளமான கூடத்தில் அவளும், பழைய காகித வாடையும், ஈரத்துணி நாற்றத்தை ஊதிக்கொண்டிருந்த குளிர்சாதனப் பெட்டியும்தான். விளக்குகளில் ஒன்று விட்டுவிட்டுத் துடித்தது. இப்படிச் சமயங்களில் அவள் வழக்கமாகச் செய்வதைத்தான் அன்றும் செய்தாள். அண்ணனுக்குப் போன் போட்டாள்.

படமெடுக்கும் விமானத்தை ஓட்டுபவர் அண்ணன்தான். அப்பா அம்மா போன பிறகு அவளைப் படிக்க வைத்து, வேலையில் சேர்த்து, கல்யாணம் செய்து வைத்து, அந்தக் கல்யாணம் குட்டிச்சுவராகப் போனபோது "நான் இருக்கேன்ல" என்று ஒரே வார்த்தையில் தூக்கி நிறுத்தியவர். இந்த வீட்டையும் அவர்தான் பார்த்துக்கொடுத்தார். மேலேயிருந்து பார்த்துவிட்டேன், வீட்டுக்கு முன்னால் மணல் சேர்ந்துகொண்டே வருகிறது, உன் பேரப்பிள்ளை காலத்துக்கும் கவலையில்லை என்றார். ஊரார் கரையை எல்லாம் சாண் சாணாக அளந்து பார்ப்பவள், தன் தலைக்கு மேல் கூரை என்று வந்தபோது அளக்கவே இல்லை. அண்ணன் சொன்னது போதும் என்று இருந்துவிட்டாள். அவளுக்கும் அவள் மகளுக்கும் அந்த வீட்டை விட்டால் போக்கிடம் கிடையாது.

விஷயத்தைச் சொன்னாள். வேடிக்கை போலத்தான் சொன்னாள். மறுமுனையில் அண்ணன் சிரிக்கவில்லை.

"யார்கிட்டயாவது காட்டினியா?" என்றார்.

இல்லை என்றாள். கண் களைத்திருக்கும், எடுத்து வைத்துவிடு, நாளைக்கு நான் வந்து பார்க்கிறேன் என்றார். அப்புறம், ஏதோ ஞாபகம் வந்தவர் போல, மகள் பள்ளிக்கூடம் விட்டு எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாள் என்று விசாரித்தார். மாமா என்றால் அவளுக்கு உயிர், மாமாவுக்கு அவள் 'வாலு'. அதனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போனை வைத்த பிறகுதான், காலில் முள் தைத்தது நடக்கும்போது தெரிவது போல, அது உறுத்தியது.

உறுத்த ஆரம்பித்ததும் ஒவ்வொன்றாக வந்து நின்றது. போன வருடம் ஒரு நாள் அண்ணன் பெயிண்ட் டப்பாவோடு வீட்டுக்கு வந்தார். படங்களை வரைபடத்தோடு பொருத்த, மேலேயிருந்து பளிச்சென்று தெரிகிற சில இடங்கள் வேண்டும். தரையில் அங்கங்கே வெள்ளைக் கூட்டல் குறி போட்டு வைப்பார்கள். அதெல்லாம் அண்ணன் பொறுப்பு. உன் மாடியைவிட நல்ல இடம் இந்தக் கரையிலேயே இல்லை என்றார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. தன் வீடு ஊர் வரைபடத்துக்கே ஆணி அடித்த இடமாக இருக்கப் போகிறதே என்று, மகளுக்கும் ஒரு பிரஷ் கொடுத்து, மூன்று பேருமாகச் சிரித்துப் பேசிக்கொண்டே அதை வரைந்தார்கள். இந்தத் தொழிலில் இருக்கும் முட்டாளைத் தவிர வேறு யாரும் தன் கூரையில் தானே அப்படி ஒன்றை வரைந்துகொண்டு பூரித்துப்போக மாட்டார்கள்.

அன்றைக்குப் படியிறங்கிய அண்ணன் அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. வாரம் தவறாமல் வந்து அத்தை வீட்டில் உருண்டு புரளும் அவர் பையன்கள் இரண்டு பேரும் வரவில்லை. கேட்டால் பரீட்சை, காய்ச்சல், கிரிக்கெட். அண்ணியோ போனில் எப்போதும் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பவள் போலவே பேசினாள்.

அண்ணனுடைய மேஜை அதே கூடத்தின் கோடியில் இருந்தது. டிராயர் சாவி பேனா குவளையின் அடியில் இருப்பது அவளுக்குத் தெரியும். அண்ணன் டிராயர் என்பதாலேயே இத்தனை வருடமும் அதைத் தொட்டதில்லை. இப்போது திறந்தாள். உள்ளே படங்கள் இருந்தன. மேகம் மறைத்துவிட்டது, ஒன்றும் தேறாது என்று அண்ணன் உதட்டைப் பிதுக்கிய நாட்களின் படங்கள்.

ஒன்றில்கூட மேகம் இல்லை.

எல்லாம் ஒரே இடத்தின் படங்கள். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் மணல் மேட்டை அலுவலகத்தில் நாக்கு என்பார்கள். நீரோட்டம் மணலை எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம்தான் நாக்கு நீளும். அதற்கு வேறு புத்தி கிடையாது. இந்த நாக்குக்கு இருந்தது. பழைய படத்தில் அது நீரோட்டத்தை எதிர்த்துக்கொண்டு வளைந்து, கரையோரம் இருந்த ஐஸ் ஃபேக்டரியைப் பார்த்து நீண்டிருந்தது. ஃபேக்டரிக் கூரையில் வெள்ளைக் கூட்டல் குறி. அடுத்த படத்தில் ஃபேக்டரி இல்லை. இடிபாடு இல்லை, ஒரு செங்கல் இல்லை. பாயை உதறி விரித்தது போல மணல் வழுவழுவென்று கிடந்தது. நாக்கு மட்டும் சுருங்கி, வந்த வழியே திரும்பிப் போயிருந்தது. அங்கே ஒரு காவலாளி, அவர் மனைவி, கைக்குழந்தை என்று மூன்று பேர் குடியிருந்தார்கள். பெரிய அலை கொண்டுபோய்விட்டது என்று ஊர் பேசியது. அந்த இடத்தில் 'கடல் அரிப்பு' என்று எழுதியது அவள்தான்.

அடுத்த படங்களில் குறி கழிமுகத்தின் கரைச்சுவருக்கு மாறியிருந்தது. சுவருக்குப் பின்னால் ஒரு சிவப்பு ஓட்டு வீடு. அது அண்ணன் வீடு. நாக்கு மறுபடி வளர்ந்து, வளைந்து, அந்த ஓட்டு வீட்டைப் பார்த்து நீண்டது. அடுத்ததில் குறி ஆளில்லாத உப்புக் கிடங்கின் மேலே. நாக்கு கிடங்கை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, முகர்ந்து பார்த்த நாய் போல விலகி, மறுபடி ஓட்டு வீட்டின் பக்கமே திரும்பியிருந்தது. அதற்கடுத்த படத்தில் குறியே இல்லை. அதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை. நாக்கின் நுனி ஐந்தாறு விரல்களாகப் பிரிந்து, கரையெங்கும், தெருத் தெருவாகத் துழாவிக்கொண்டிருந்தது.

கடைசிப் படத்தில் குறி அவளுடைய மொட்டைமாடியில் இருந்தது. விரல்கள் ஒன்றுகூடி மறுபடி ஒரே நாக்காகி, நேராக, ஒரு வளைவும் இல்லாமல் அவள் வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு படத்திலும் நாக்கு போகும் திசையைச் சிவப்புப் பென்சிலால் அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தார் அண்ணன். கடைசிப் படத்தில் அவள் வீட்டுக்குப் பக்கத்தில், வேலை முடிந்த படங்களில் வழக்கமாகப் போடுவது போல, சின்னதாக ஒரு டிக் அடித்திருந்தார்.

அந்த டிக்கைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மறுபடி போன் போட்டாள். அண்ணன் எடுத்தார். பின்னால் விமானத்தின் விசிறி சுற்ற ஆரம்பித்த சத்தம் கேட்டது.

"மேகம்னு சொன்னீங்களேண்ணா."

கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. விசிறிச் சத்தம் தணிந்தது.

"டிராயரைத் திறந்துட்டியா," என்றார். கோபமே இல்லை. "இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது. அது எங்கயாவது போய்த்தான் ஆகணும் குட்டி. காலிக் கட்டடத்துல வச்சுப் பாத்தேன், சீண்டவே இல்ல. குறியை அழிச்சுப் பாத்தேன், கண்டபடி தேட ஆரம்பிச்சிடுச்சு. நான் என்ன பண்ணட்டும் சொல்லு?"

"அது என்ன?"

"தெரியாது. மேலேருந்து பாத்தா என்ன தெரியுதோ அவ்வளவுதான் எனக்கும் தெரியும்."

"என் வீடுன்னு தெரிஞ்சுதானே வரைஞ்சீங்க. அவ கையில பிரஷ்ஷ குடுத்து."

"எனக்கு ரெண்டு பசங்க குட்டி," என்றார் அண்ணன். "உனக்கு ஒண்ணுதான்."

சின்ன வயதில் மிட்டாயைக் கடித்துப் பங்கு போடும்போது, பெரிய பாதியை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் பேசுவாரே, அதே குரல். துளி மாறவில்லை. தன்னைத் தூக்கி வளர்த்த கை இது என்றும் தன் கழுத்தில் இருக்கும் கை இது என்றும் அவளுக்கு ஒரே சமயத்தில் புரிந்தது.

"நீ அங்க போகாத," என்று சொல்லிக்கொண்டிருந்தார் அவர். "வாலு வீட்டுக்கு வந்துட்டா. பேசினேன். மாடில நின்னு மாமாவுக்குக் கை காட்டச் சொல்லியிருக்கேன். நீ ஆபீஸ்லயே இரு. உன்னை நான் பாத்துக்கறேன்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. படிகளில் எப்படி இறங்கினாள், ஸ்கூட்டரை எப்படிக் கிளப்பினாள் என்று எதுவும் நினைவில்லை. வீட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போன் கூடத்தில் இருக்கும். பிள்ளை மாடியில் நிற்கும்.

கடற்கரைச் சாலைக்கு அவள் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்து மஞ்சளாகிக்கொண்டிருந்தது. கடல் பின்வாங்கிப் பின்வாங்கி ஒரு கோடாகத் தெரிந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் ஈர மணலில் கூட்டம் போட்டுக் கத்தும் பறவைகளில் ஒன்றைக்கூடக் காணோம். காற்று நின்றிருந்தது. நனைந்து மக்கிய சாக்கு மூட்டையைப் பிரித்தது போல ஒரு நாற்றம் சாலை நெடுக வந்துகொண்டே இருந்தது. தார்ச்சாலையின் குறுக்கே வரி வரியாக மணல் ஏறிக் கிடந்தது. ஸ்கூட்டர் அதில் ஏறி இறங்கும்போதெல்லாம் சக்கரத்தை யாரோ பிடித்து விடுவது போலிருந்தது. இடப்பக்கம் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். படத்தில் பூதாகரமாகத் தெரிந்த நாக்கு, தரையிலிருந்து பார்க்கும்போது போர்வைக்குள் ஒருக்களித்துப் படுத்திருக்கும் ஆள் உயரம்தான் இருந்தது. சுற்றிலும் மணல் ஈரத்தில் பளபளத்தது. அந்த மேடு மட்டும் காய்ந்து, வெளுத்து, நுனியில் இலேசாகப் பொலபொலத்துக்கொண்டிருந்தது. நுனி அவள் வீட்டு மதிலைத் தொட்டிருந்தது.

தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. விடுமுறைக்கு மட்டும் ஆள் வந்து தங்கும் வீடுகள். எல்லாம் பூட்டிக் கிடந்தன.

எப்போதும் இறுகிக்கொண்டு தோளால் முட்டினால்தான் திறக்கும் வாசல் கதவு, கை வைத்ததும் திறந்துகொண்டது. உள்ளே இருட்டு. மாவு சலிப்பது போல ஒரு சத்தம், சர் சர்ரென்று, தரைக்கு அடியிலிருந்து வந்தது. வீட்டின் அகலத்துக்கும் ஒரு பெரிய சல்லடையை வைத்து யாரோ நிதானமாகச் சலிக்கிறார்கள். சமையலறையில் ஒரு தரைக்கல் டக்கென்று ஒலித்தது. அடுத்த கல். அதற்கடுத்த கல். சத்தம் வரிசையாகக் கூடத்துக்கு நடந்து வந்தது. குளியலறைச் சாக்கடைத் துளையிலிருந்து மணல் கூம்பாக எழுந்து வழிந்துகொண்டிருந்தது.

மகளின் பள்ளிக்கூடப் பை நாற்காலியில் இருந்தது.

மாடிப்படி. கால் வழுக்கியது. படியெல்லாம் மணல். மணல் வெதுவெதுப்பாக இருந்தது.

மகள் கூட்டல் குறியின் நட்டநடுவில் நின்றுகொண்டு, நெற்றியில் கையை வைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா இன்னும் வரலம்மா," என்றாள். "அம்மா, நம்ம வீடு ஆடுது. நான் பயப்படவே இல்ல."

அவளை இழுத்துக்கொண்டு இறங்கி ஓடத்தான் தோன்றியது. ஆனால் குறி இருக்கும்வரை அது இங்கேதான் வரும், ஓடி முடிப்பதற்குள் வீடு இருக்குமோ இருக்காதோ. மழைக்காகத் தொட்டி மேல் மடித்துப் போட்டிருந்த தார்ப்பாயை இழுத்தாள். மகளை ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னாள். இரண்டு பேருமாக அதைக் குறியின் மேல் விரித்தார்கள். வெள்ளை எங்கேயும் தெரியவில்லை. மூலைக்கு ஒரு செங்கல் வைத்தாள்.

சலிக்கும் சத்தம் நின்றது.

அவ்வளவு திடீரென்று நின்றதில் காது அடைத்தது போலாயிற்று. வீடு அசையாமல் இருந்தது. அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். மதிலடியில் இருந்த மணல் மேடு தயங்குவது போல அமுங்கி, அப்புறம் மெல்லப் பிரிந்தது. ஒரு விரல் தெருப்பக்கம். ஒரு விரல் பின்னால், கடல் பக்கம். இன்னொன்று மற்றவற்றைவிட வேகமாக, கழிமுகத்தின் பக்கம். அங்கே இருப்பது யார் வீடு என்று அவளுக்குத் தெரியும். போகட்டும் என்றது மனம். அண்ணியின் முகம் நினைவுக்கு வந்தது, பையன்களின் முகம் வந்தது. அப்போதும் போகட்டும் என்றே சொன்னது. தான் இப்படி நினைப்பவள் என்று அன்றுவரை அவளுக்குத் தெரியாது.

மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். கூடத்தைக் கடந்தாள். வாசல். தெரு. ஸ்கூட்டர் சாவியைத் துளையில் செருகும்போதுதான் விமானத்தின் சத்தம் கேட்டது.

இந்த நேரத்தில் யாரும் படமெடுக்கப் பறப்பதில்லை; நிழல் நீண்டு எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஆனால் மணலுக்கு அடியில் இலேசாகப் புடைத்திருப்பது எங்கே என்று மட்டும் பார்க்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல நேரம் கிடையாது. சாய்ந்த வெயிலில் சின்ன மேடும் தன் நிழலால் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் வந்தார். தார்ப்பாயைப் பார்த்திருப்பார். விரல்களைப் பார்த்திருப்பார். ஒரு விரல் எங்கே போகிறது என்பதையும்.

விமானம் தெருவின் மேலே நேராக வந்தது. மிகவும் தாழ்ந்து வந்தது.

"மாமா!" மகள் ஸ்கூட்டரை விட்டு இறங்கி நடுத்தெருவுக்கு ஓடினாள். இரண்டு கையையும் நீட்டி ஆட்டினாள்.

விமானத்தின் பக்கவாட்டுக் கதவு திறந்தது. ஒரு மூட்டை விழுந்தது. மனிதக் கால் படாத மணல் திட்டுகளில் பெயிண்ட் அடிக்க முடியாது. அங்கெல்லாம் மேலேயிருந்து பொடி மூட்டையைப் போட்டுத்தான் குறி வைப்பார்கள். விளையாட்டு மைதானத்தில் கோடு போடுவார்களே, அந்த வெள்ளைப் பொடி. அதில் அண்ணனுக்குக் கை தப்பியதே இல்லை.

மூட்டை மகளுக்கு முன்னால் வெடித்தது. தெருவே வெளுத்தது. அவள் இருமிக்கொண்டு, கண் எரிய, கைகளால் துழாவினாள். பொடி அடங்கியபோது மகள் அதே இடத்தில் நின்றிருந்தாள். தலைமுடி வெள்ளை. முகம் வெள்ளை. சீருடை வெள்ளை. நீட்டிய கைகள் இரண்டும் விரல் நுனிவரை வெள்ளை. கண் மட்டும் கறுப்பாக விழித்துக்கொண்டிருந்தது.

"மாமா ஏம்மா நம்ம மேல கொட்டினாரு?"

ஓடிப்போய் மகளைப் பிடித்துத் துடைத்தாள். துப்பட்டாவால் துடைத்தாள். துப்பட்டா வெளுத்தது. வெறும் கையால் துடைத்தாள். கை வெளுத்தது. முடியை உதறினாள். உதற உதற உள்ளிருந்து வந்தது. எச்சிலைத் தொட்டு நெற்றியைத் துடைத்தாள். குழைந்து, பசையாகி, இன்னும் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது.

சலிக்கும் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. வீட்டுக்குள்ளிருந்து அல்ல. தெருவிலிருந்து.

அவள் திரும்பிப் பார்த்தாள். கழிமுகத்தின் பக்கம் போன விரல் நின்றிருந்தது. கடல் பக்கம் போனது நின்றிருந்தது. மூன்றும் மெல்லப் பின்வாங்கி ஒன்றாகக் கூடின. மதில் சத்தமில்லாமல் சாய்ந்தது. தார்ச்சாலை நீளமாக, ஆள் அகலத்துக்குப் புடைத்து எழுந்தது. அவசரமே இல்லை அதற்கு.

"வலிக்குதும்மா, விடு," என்றாள் மகள். தேய்த்த கையை உதறிவிட்டு ஓர் அடி வலப்பக்கம் விலகி நின்றாள்.

சாலையின் மேடும் வலப்பக்கம் திரும்பியது.

மகளும் அதைப் பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, விளையாட்டில் பிடிபடாமல் இருக்கப் பார்க்கும் பிள்ளை போல, ஓசைப்படாமல் இடப்பக்கம் ஓர் அடி வைத்தாள்.

மேடு இடப்பக்கம் திரும்பியது.

தெருக்கோடியில் விமானம் வட்டமடித்துத் திரும்பி, இறக்கைகளைச் சமன் செய்துகொண்டு, அடுத்த படத்துக்காக அதே கோட்டில் நேராக வந்துகொண்டிருந்தது.